பெட்டிக்குக் காது இல்லை

ரௌட்டர் வாசலோரம், செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே.
ஒயர் அந்த ஓட்டை வழியாகத்தான் வரும்.
வேறு ஓட்டை போட்டால் செக்ரட்டரி தேஷ்பாண்டே
நம் வீட்டு நம்பரைச் சிவப்பு மையில் எழுதி
நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுவார்.
கம்ப்யூட்டர் அடுப்படி ஓரம்.
நடுவில் பீரோ.

போனுக்கு வந்த இண்டர்நெட்
பெட்டிக்கு வரவில்லை.
மூன்று மெடிக்கல் ஷாப்பின் கணக்கு
இருபதாம் தேதிக்குள் ஏற்ற வேண்டும்.
அன்றைக்குப் பதினெட்டு.

கேபிள்காரப் பையன் ஃபைசான்
பெட்டியின் முதுகைத் திருப்பிப் பார்த்தான்.
"பாபி, இதுக்குக் காதே இல்லை."
லேப்டாப்புக்குப் பிறக்கும்போதே உண்டாம்.
லேமிங்டன் ரோட்டில் ஆறாயிரத்துக்கு எடுத்த
இதற்கு மட்டும்
நாம்தான் வாங்கி மாட்ட வேண்டுமாம்.

மறுபடி லேமிங்டன் ரோடு.
முந்நூற்று ஐம்பது ரூபாய், சுண்டுவிரல் நகமளவு.
கூடவே ஒரு சிடி.
சிடியைப் போட்டால்தான் காது கேட்கும்.
சிடியைப் போட இந்தப் பெட்டிக்கு வாய் இல்லை.
இல்லாதவர்கள் இண்டர்நெட்டில் இறக்கிக்கொள்ளலாம் என்று
அட்டையில் அச்சடித்திருந்தது.

பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும்,
கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும்.
தனியாகச் சிரித்தேன்.
என்ன பாபி என்றான்.
இந்தியில் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் விட்டேன்.
அவனுக்கு அடுத்த மாதம் நிக்காஹ்.

தன் போனை ஒயரால் பெட்டியோடு கட்டி
தன் டேட்டாவிலேயே இறக்கிக் கொடுத்தான்.
பிறகு, சும்மா கேட்பது போல,
"பேர் என்ன வைக்கட்டும்?"

வாடகை ஒப்பந்தம் இவர் பேரில்.
கேஸ், கரண்ட், ரேஷன் கார்டு, எல்லாம்.
இவர் வாஷியில் மதிய ஷிப்டில் இருந்தார்.
திரையில் அக்கம்பக்கம் முழுவதும் வரிசையாக நின்றது:
தேஷ்பாண்டே ஃபேமிலி.
ஜெய் கணேஷ் டூ.
பாஸ்வேர்ட் கேக்காதே.
வெறும் எண்களாக ஒன்று,
யாரோ பேர் வைக்க மறந்த பிள்ளை.

மெடிக்கல் ஷாப்பில் நான் பிரியா.
அவர்கள் வாய்க்கு அதுதான் வந்தது.
மாடிப்படியில் நிகில் மம்மி.
ஆஸ்பத்திரிச் சீட்டில் மிஸஸ் சுடலைமுத்து.
வீட்டில் "ஏய்", சில நாள் "இந்தா".

"பேச்சி" என்றேன்.
கேள்வியாகப் பார்த்தான்.
பி, ஈ, டி, சி, எச், ஐ
என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்,
போனில் விலாசம் சொல்வதுபோல.
பாஸ்வேர்டை நானே அடித்தேன்.
அதை இங்கேயும் சொல்ல மாட்டேன்.

ஒரு கோடுதான் வந்தது.
சுவர் விடும் பாபி, இரும்பு விடாது என்று
பீரோவை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனான்.

ராத்திரி இவரும் நானும் அதை நகர்த்தினோம்.
ஒரு சாண் நகர்த்த அரைமணி நேரம்.
பழைய இடத்தில் துருவால் நான்கு வட்டம்,
நிகிலின் ரப்பர், ஒரு காலி வேப்பெண்ணெய்ப் புட்டி,
யார் வீட்டுச் சாவியோ.
"கம்ப்யூட்டரை நகர்த்தியிருக்கலாமே" என்றார் இவர்,
எல்லாம் முடிந்தபிறகு.
பிளக் பாயிண்ட் அங்கேதானே இருக்கிறது.

மூன்று கோடு.
இருபதாம் தேதி பதினொன்றே முக்காலுக்கு
சுற்றிச் சுற்றி நின்ற சக்கரம்
கடைசிக் கடையின் கணக்கை விழுங்கியது.

மறுநாள் லிஃப்டில் ஆறாம் மாடி ஓம்கார்,
போனிலிருந்து தலை தூக்காமல்:
"ஆண்ட்டி, யார் இந்த பெச்சி?
நம்ம லிஃப்டில் ஃபுல்லா அடிக்குது."
என் வீட்டில் மூன்று,
லிஃப்டில் நான்கு.

பெச்சி இல்லடா, பேச்சி.
பே. நீட்டிச் சொல்லு.

என் மாடி வந்துவிட்டது.
கம்பிக் கதவை இழுத்து மூடினேன்.
அவன் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"பே" மட்டும் மேலே போனது.